குடியை விட உதவும் கூட்டங்கள்: எங்கே தேடுவது, உள்ளே என்ன நடக்கும்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். தினமும் குடிக்கிறீர்கள். மூன்று முறை சொந்த முயற்சியில் விட்டுப் பார்த்து, மூன்று முறையும் திரும்பிப் போய்விட்டீர்கள். வரும் திங்கள்கிழமையிலிருந்து மறுபடி விடப்போகிறீர்கள், இந்தத் தடவை ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அதை எங்கே தேடுவது, உள்ளே என்ன செய்வார்கள், தெரிந்தவர் யாராவது அங்கே இருந்துவிட்டால் என்ன ஆகும், கடவுள் நம்பிக்கை இல்லாதவன் போகலாமா என்று நான்கு கேள்விகள்.

நான் குடியை விட்டு 11 வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல், எங்கள் குழுவின் உதவி எண்ணில் வாரம் ஒரு ராத்திரி போன் எடுக்கும் வேலையும் செய்கிறேன். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த நான்கையும்தான் கேட்பார்கள், வரிசை மட்டும் மாறும். ஆனால் உங்கள் கேள்வியில் ‘தினமும்’ என்று ஒரு வார்த்தையும் ‘திங்கள்கிழமையிலிருந்து’ என்று ஒரு வார்த்தையும் இருப்பதால், நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் சும்மா இருக்காது. மது மூளையை அடக்கி வைக்கும் பொருள். அதை ஈடுகட்ட மூளை கூடுதல் வேகத்தில் ஓடிப் பழகியிருக்கும். ஒரே நாளில் மதுவை எடுத்துவிட்டால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். பலருக்கு அதோடு சில நாளில் அடங்கிவிடும். சிலருக்கு முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு 2, 3 நாள் கழித்துக் குழப்பம், காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று போகும். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கக்கூடியது. ஆகவே காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கிறது என்றாலோ, முன்பு விட்டபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தாலோ, திங்கள்கிழமைக்கு முன்பே ஒரு மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். இந்த நாட்களைக் கடத்த மருந்து இருக்கிறது, வைட்டமின் பி1 கொடுப்பார்கள், தேவைப்பட்டால் சில நாள் சேர்த்துக்கொள்வார்கள். கூட்டம் மருத்துவமனை இல்லை. அங்கே இருப்பவர்கள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், வலிப்பை நிறுத்த அவர்களால் முடியாது.

சரி, இப்போது கூட்டம்.

உலகத்தில் பெரும்பாலான இடங்களில் முதலில் கண்ணில் படுவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்), சுருக்கமாக ஏஏ. அவர்களுக்குப் பல நாடுகளில் ஒரு சேவை அலுவலகமோ இணையதளமோ இருக்கும், அதில் ஊர் வாரியாகக் கூட்டங்களின் பட்டியல் இருக்கும். மீட்டிங் கைடு என்று அவர்களுடைய இலவசச் செயலி ஒன்றும் உண்டு, நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகில் எந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று காட்டும். எல்லா நாட்டுக் கூட்டங்களும் அதில் ஏறவில்லை என்பதால், அதில் ஒன்றும் வரவில்லை என்றால் உங்கள் பகுதியில் கூட்டமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குடிநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் இருக்கும் ஆலோசகர்களுக்குச் சுற்றுவட்டாரக் கூட்டங்கள் விரல் நுனியில் இருக்கும். பல மருத்துவமனைகளுக்குள்ளேயே கூட்டம் நடக்கிறது.

பட்டியலில் இருப்பதை அப்படியே நம்பிக் கிளம்பவும் வேண்டாம். கூட்டம் நடத்துவது சம்பளம் வாங்கும் ஆட்கள் இல்லை, எங்களைப் போன்றவர்கள்தான். அறை மாறும், நேரம் மாறும், பட்டியலை மாற்ற வேண்டியவர் மறந்திருப்பார். பூட்டிய கதவின் முன்னால் நின்று ‘சரி, முயற்சி செய்தாயிற்று’ என்று நேராக மதுக்கடைக்குப் போனவர்கள் எனக்குத் தெரியும். நானும் ஒரு முறை அப்படிப் போனவன்தான். அதனால் அன்றைக்கே உதவி எண்ணைக் கூப்பிட்டு, ‘இன்று மாலை கூட்டம் உண்டா, எந்த மாடி, எந்த வாசல்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. புதியவர் என்று சொன்னால் பெரும்பாலும் வாசலில் யாராவது ஒருவர் காத்திருப்பார். தனியாக உள்ளே நுழைவதற்கும், ஒருவர் ‘வாங்க’ என்று கூட்டிக்கொண்டு போவதற்கும் இருக்கும் வித்தியாசம் அன்றைக்குத் தெரியும்.

பட்டியலில் ‘திறந்த கூட்டம்’, ‘மூடிய கூட்டம்’ என்று போட்டிருக்கும். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம்: மனைவி, நண்பர், மாணவர், வேடிக்கை பார்க்க வந்தவர்கூட. மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். விரும்பினால் போதும், விட்டிருக்க வேண்டும் என்று இல்லை. இரண்டுக்கும் நீங்கள் போகலாம். கூட வீட்டிலிருந்து ஒருவர் வந்தால்தான் போவேன் என்றால் திறந்தது. வெளியாள் பார்வை வேண்டாம் என்றால் மூடியது. இது தவிர ஒருவர் மட்டும் தன் கதையை நீளமாகச் சொல்லும் கூட்டம், குடியை விட ஏஏ வகுத்திருக்கும் 12 படிகளில் ஒன்றை எடுத்துப் பேசும் கூட்டம், பெண்களுக்கு மட்டும், இளைஞர்களுக்கு மட்டும் என்று வகைகள் இருக்கின்றன. முதல் நாளில் இந்த வகைகளைப் பார்த்துத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்வது வேறு ஒரு கணக்கு: நீங்கள் வழக்கமாக எத்தனை மணிக்குக் குடிக்கத் தொடங்குவீர்கள்? அந்த நேரத்தில் நடக்கும் கூட்டமாகப் பாருங்கள். மாலை 7 மணிக்குக் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் என்றால், 7 மணிக் கூட்டம்தான் உங்களுக்கானது. காலை 10 மணிக் கூட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்கப்புறம் அந்த 7 மணி வரத்தான் செய்யும்.

நேரில் போக முடியாதவர்களுக்கு இணையக் கூட்டங்கள் இருக்கின்றன. பெருந்தொற்றுக் காலத்தில் ஏராளமான குழுக்கள் ஜூமுக்கு மாறின, பல அப்படியே தங்கிவிட்டன. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஏதோ ஒரு கூட்டம் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி 2 மணிக்குத் தூக்கம் வராமல் புரள்கிறவனுக்கு அது பெரிய வரம். கேமராவை அணைத்துவிட்டு, பெயரை ஒரு எழுத்தாக மாற்றிக்கொண்டு, சும்மா கேட்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். திரையில் கேமராவை அணைத்தவன் கையில் கோப்பை இருப்பதும் யாருக்கும் தெரியாது. நான் இதை ஊகமாகச் சொல்லவில்லை.

உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு முன்னால், இப்படி ஒரு கூட்டம் ஏன் இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். அது தெரிந்தால் உள்ளே நடப்பது பாதி புரிந்துவிடும்.

1935 மே மாதம், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து ஒரு வியாபார விஷயமாக அங்கே போயிருந்தார் பில் வில்சன். குடியால் எல்லாவற்றையும் இழந்து, குடிக்காமல் 5 மாதம் ஓட்டியிருந்தவர். வந்த காரியம் கெட்டுவிட்டது. கையில் காசு இல்லை, ஊரில் தெரிந்தவர் இல்லை. தங்கியிருந்த ஹோட்டலின் முகப்பில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, அதனருகில் ஊரிலிருக்கும் தேவாலயங்களின் பட்டியல். இன்னொரு குடிகாரனிடம் பேசினால்தான் இந்த மாலையைத் தாண்ட முடியும் என்று அவருக்குத் தோன்றியது. பட்டியலில் ஒரு எண்ணைக் கூப்பிட்டு, அவர் சொன்னவர்களைக் கூப்பிட்டு, ஒருவரிடமிருந்து ஒருவராகப் போய் கடைசியில் ஒரு அம்மையாரைப் பிடித்தார். அவருக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவர், பாப் ஸ்மித், பல வருடமாகக் குடியிலிருந்து மீளமுடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மாலை சந்திப்பு. முந்தின நாள் போதையின் தலைவலியோடு வந்த பாப், 15 நிமிடம்தான் இருப்பேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். 6 மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார்.

அதற்கு முன் பாப்புக்கு அறிவுரை சொல்லாத ஆளே இல்லை. பில் அறிவுரை சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். அதைவிட முக்கியம், ‘உங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறேன்’ என்று அவர் நினைக்கவில்லை. தான் இன்று குடிக்காமல் இருக்க பாப் தேவைப்பட்டார். கூட்டம் என்பது இன்றைக்கும் அதுதான். புதிதாக ஒருவர் உள்ளே வந்தால் பழையவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். இரக்கப்படுகிறார்கள் என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். தங்கள் முதல் நாளை எதிரே உட்காரவைத்துப் பார்க்கிறார்கள், அது அவர்களுக்கு மருந்து. அன்றைக்கு அந்த அறையில் எல்லோரையும்விடப் பயனுள்ள ஆள் நீங்கள்தான்.

கூட்டம் பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடம். இடம் ஏதோ ஒரு தேவாலயத்தின் பின்னறை, பள்ளி வகுப்பறை, சமூகக்கூடம் என்று இருக்கும். வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள், ஒரு ஓரத்தில் டீ அல்லது காபி. ஒருவர் நடத்துவார், தலைவர் என்று சொல்வதைவிட அன்றைக்கு முறை வந்தவர் என்று சொல்லலாம். இந்தக் குழு என்ன, உறுப்பினர் ஆக என்ன தகுதி என்று ஒரு சின்ன முன்னுரை வாசிப்பார்கள். தகுதி ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். பதிவேடு இல்லை, படிவம் இல்லை, கட்டணம் இல்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ‘என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார்கள், மற்றவர்கள் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார்கள். முதல் தடவை இதைக் கேட்கும்போது நாடகம் மாதிரி இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் முறை வந்தால் பேசியே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ‘இன்று கேட்க வந்திருக்கிறேன்’ என்று சொன்னால் அடுத்தவருக்குப் போய்விடும். பெயர் மட்டும் சொல்லலாம், பொய்ப் பெயர் சொன்னாலும் யாரும் அடையாள அட்டை கேட்கப் போவதில்லை. ‘குடிநோயாளி’ என்ற சொல் தொண்டையில் சிக்கினால் அதை விட்டுவிடுங்கள். எனக்கு அது 4 மாதம் சிக்கியது.

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசமாட்டார்கள், அவர் சொன்னதற்குப் பதிலோ யோசனையோ சொல்லமாட்டார்கள். பெரும்பாலான ஏஏ கூட்டங்களில் இது எழுதப்படாத விதி. புதியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நீங்கள் கண்கலங்கிச் சொல்லி முடித்தால் ‘நன்றி’ என்று சொல்லிவிட்டு அடுத்தவர் தன் கதையைத் தொடங்கிவிடுவார், கல்நெஞ்சக்காரர்களோ என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், குடிக்கிறவனைச் சுற்றி வருடக்கணக்கில் எல்லோரும் அவனுக்குப் பதில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முறை யாரும் குறுக்கிடாமல், திருத்தாமல் முழுதாகச் சொல்லி முடிப்பது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தால்தான் தெரியும்.

நடுவில் ஒரு உண்டியலோ கூடையோ சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏவின் மரபு, அதனால் உள்ளே இருப்பவர்கள் போடுவதுதான். முதல் நாள் வந்தவர் போட வேண்டாம் என்று பல குழுக்களில் அவர்களே சொல்லிவிடுவார்கள். இத்தனை நாள், இத்தனை மாதம் குடிக்காமல் இருந்ததற்குச் சில இடங்களில் நாணயம் மாதிரி ஒரு வில்லை கொடுப்பார்கள். கேட்டால் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தோன்றும். என் முதல் வில்லையை ஒரு வருடம் சட்டைப்பையில் வைத்திருந்தேன், துவைக்கப் போட்டபோது தொலைந்துபோய், சலவை இயந்திரத்தைக் கழற்றவைத்துத் தேடினேன். கடைசியில் ஒரு சிறு பிரார்த்தனையோடு முடிப்பார்கள். சில இடங்களில் கைகோத்து நிற்பார்கள். பிடிக்கவில்லை என்றால் ஒதுங்கி நிற்கலாம்.

அப்புறம்தான் எல்லோரும் தவறவிடும் பகுதி. கூட்டம் முடிந்ததும் புதியவர்கள் வாசலை நோக்கி ஓடுவார்கள். ஓடாதீர்கள். நாற்காலி மடக்கிவைக்கும் அந்த 10 நிமிடத்தில்தான் ‘மருத்துவரைப் பார்த்தீர்களா’, ‘வீட்டில் பாட்டில் ஏதும் மிச்சம் இருக்கிறதா’, ‘நாளை சாயங்காலம் என்ன செய்யப் போகிறீர்கள்’ என்று உருப்படியான பேச்சு நடக்கும். உள்ளே சொல்லக்கூடாத யோசனையெல்லாம் அங்கே தாராளமாகக் கிடைக்கும். பேச வெட்கமாக இருந்தால் நாற்காலியை மடக்குங்கள். கையில் வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும்.

தெரிந்தவர் இருந்தால்? இருக்கலாம். அவர் அங்கே எதற்கு வந்திருக்கிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது வெளியே போகக்கூடாது என்பதுதான் பெயரிலேயே இருக்கும் ‘அனானிமஸ்’. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் இதை உயிராக மதிக்கிறார்கள். ஆனாலும் அது நம்பிக்கையின் பேரில் நிற்கும் ஏற்பாடு. மருத்துவரிடமோ வக்கீலிடமோ சொல்வதற்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு இதற்கு இருக்கும் என்று நினைக்காதீர்கள். நிலுவையில் இருக்கும் வழக்கு, இன்னொருவரின் ரகசியம், வேலை போய்விடக்கூடிய விஷயம் இதையெல்லாம் பொதுவில் கொட்ட வேண்டாம். இன்னொன்று, இப்போது பல குழுக்களுக்கு வாட்ஸாப் குழு இருக்கிறது. சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும், முகப்புப் படத்தில் குழந்தைகளும் அலுவலகச் சீருடையும் இருந்தால் அதுவும் தெரியும். சேருவதற்கு முன் படத்தை மாற்றிவிடுங்கள். பக்கத்துத் தெருவில் பார்த்துவிடுவார்கள் என்று ரொம்பவும் பயமாக இருந்தால் முதல் சில வாரம் கொஞ்சம் தள்ளி இருக்கும் கூட்டத்துக்குப் போங்கள். குடித்துவிட்டு அந்தத் தெருவிலேயே விழுந்து கிடந்தபோது பார்த்தவர்களைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்பட்டதில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

கடவுள் விஷயம். 12 படிகளில் கடவுள் வருகிறார், மறைக்க ஒன்றும் இல்லை. ‘நாம் புரிந்துகொண்ட விதத்தில்’ என்று ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள், அதன் வழியாகப் பல நாத்திகர்கள் உள்ளே வந்து நிம்மதியாக இருக்கிறார்கள். தன்னைவிடப் பெரிய சக்தி என்பதற்கு அந்தக் குழுவையே எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. நானும் ஏறக்குறைய அந்த ரகம். பிரார்த்தனை இல்லாத ஏஏ கூட்டங்களும் சில இடங்களில் நடக்கின்றன. அதுவும் ஒத்துவரவில்லை என்றால் வேறு அமைப்புகள் இருக்கின்றன. 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரியில் கடவுளும் இல்லை, படிகளும் இல்லை. குடிக்க வேண்டும் என்ற உந்துதல் வரும்போது மனதில் ஓடும் எண்ணத்தைப் பிடித்துப் பார்ப்பது, அதைக் கடப்பது என்று உளவியல் சார்ந்த பயிற்சிகள். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், யோசனை சொல்லலாம். ‘என்னை யாராவது எதிர்க்கேள்வி கேட்டால்தான் எனக்கு ஓடும்’ என்கிறவர்களுக்கு அது பொருந்தும். லைஃப்ரிங் கூட்டங்களில் ‘இந்த வாரம் எப்படிப் போனது?’ என்பதுதான் மையமே. பெண்களுக்கென்று 1975இல் தொடங்கப்பட்ட விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது. இவை எல்லா ஊரிலும் நேரில் கிடைக்காது. இணையத்தில் கிடைக்கும்.

எது வேலை செய்யும் என்று கேட்பீர்கள். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, அதாவது 10,565 பேரைப் பற்றிய தரவை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏஏவில் சேர வழிகாட்டும் முறையான சிகிச்சையில் இருந்தவர்களில் ஒரு வருடம் கழித்து முழுதாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். குடிக்கும் அளவைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆக, ஏஏ சும்மா பேச்சு என்று ஒதுக்கவும் முடியாது, எல்லோரையும் கரைசேர்க்கும் என்று சொல்லவும் முடியாது. கூட்டமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியும் இல்லை. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் என்று குடியை விட உதவும் மருந்துகள் இருக்கின்றன. யாருக்கு எது என்று மருத்துவர் முடிவு செய்வார். டைசல்ஃபிராம் சாப்பிட்டுக்கொண்டு குடித்தால் உடம்பு மோசமாகத் திருப்பியடிக்கும் என்பதால், உங்களுக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும் ‘உதவியை’ வீட்டில் யாரும் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவையுங்கள். கூட்டத்தில் யாராவது ‘மாத்திரை சாப்பிடுகிறவன் உண்மையில் விட்டவன் இல்லை’ என்று சொன்னால், குறிப்பாக மனச்சோர்வுக்கோ வலிப்புக்கோ சாப்பிடும் மருந்தை நிறுத்தச் சொன்னால், கேட்காதீர்கள். உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக்கூடாது என்பது ஏஏவின் நிலைப்பாடும்கூட.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். எனக்குப் பிடிக்கவில்லை. பேசிய ஆள் சொத்தையெல்லாம் விற்றவர், இரண்டு முறை சிறைக்குப் போனவர். நான் அந்த அளவுக்குப் போகவில்லையே, வேலையிருக்கிறது, வீடு இருக்கிறது, எனக்கு எதற்கு இது என்று நிம்மதியாக எழுந்து வந்து, அன்றைக்கு ராத்திரியே குடித்தேன். போன் எடுக்கும்போது அதிகம் கேட்கும் வாக்கியம் இன்றும் இதுதான்: ‘அங்கே இருப்பவர்கள் வேற மாதிரி ஆட்கள்.’ எதை இழந்தார் என்பதைக் கேட்டால் வித்தியாசம்தான் தெரியும். அதை விட்டுவிட்டு, முதல் மடக்குக்கு முன்னால் அவருக்கு என்ன தோன்றியது, அடுத்த நாள் காலையில் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொண்டார் என்று கேளுங்கள். அங்கே உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றாவது வரும்.

அதனால் ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தது 6 கூட்டம், அதுவும் 2, 3 வெவ்வேறு குழுக்களில். ஒரு குழு கலகலவென்று இருக்கும், இன்னொன்று பரீட்சைக் கூடம் மாதிரி. சிலர் 90 நாளில் 90 கூட்டம் என்று சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் சட்டம் இல்லை. வேலையும் குழந்தைகளும் இருக்கிறவருக்கு வாரம் 3 கூட்டம், மற்ற நாட்களில் ஒரு போன் என்றால் ஓடும். முடியாத எண்ணிக்கையை வைத்துக்கொண்டு, 12ஆம் நாள் ஒன்று தவறியதும் எல்லாவற்றையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நாளில் ‘ஸ்பான்சர்’ என்ற சொல் காதில் விழும். உங்களுக்கு முன்னால் இந்த வழியில் நடந்த ஒருவர், தனியாக உங்களோடு படிகளைப் பேசுவார், ராத்திரி கூப்பிட்டால் எடுப்பார். அவசரப்பட்டு முதல் வாரமே கேட்க வேண்டாம். யார் பேசும்போது உங்களுக்குக் காது நிமிர்கிறது என்று கவனியுங்கள். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது பொதுவான வழக்கம், காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்து உடைந்துபோயிருக்கும் ஒருவரிடம் காதல் என்று நெருங்குகிறவர்கள் இங்கும் உண்டு. கூட்டத்தில் இருப்பவர்கள் நோயிலிருந்து மீள்கிறவர்கள், முனிவர்கள் இல்லை. கடன் கேட்டாலோ, தொழிலில் சேர்த்துக்கொள்கிறேன் என்றாலோ, வீட்டாரோடு பேசாதே என்றாலோ, அந்த ஆளை விட்டு விலகி மூத்தவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த ஆளுக்காகக் கூட்டத்தையே விட வேண்டியதில்லை, வேறு கூட்டம் இருக்கிறது.

நடுவில் குடித்துவிட்டால்? திரும்பி வாருங்கள், முடிந்தால் மறுநாளே. மேலே சொன்ன பாப் ஸ்மித், பில்லைச் சந்தித்தபின் சில வாரம் குடிக்காமல் இருந்துவிட்டு, ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துத் தீர்த்தார். திரும்பி வந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் ஏஏ தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சில வாரம் நிறுத்தியிருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. திரும்பவும் நீண்ட நாள் குடித்து மறுபடி நிறுத்துவதானால், முதலில் சொன்ன மருத்துவர் விஷயம் மறுபடியும் பொருந்தும். குடித்த நிலையிலேயே கூட்டத்துக்கு வரலாமா என்றும் கேட்பார்கள். வரலாம். சத்தம் போடாமல் உட்கார்ந்தால் யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், அன்றைக்குப் பேச மட்டும் விடமாட்டார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

உங்கள் மனைவி இதைப் படித்தால் அவருக்கு ஒரு வரி. குடிக்கிறவரின் குடும்பத்துக்கென்று 1951இலிருந்து அல்-அனான் இருக்கிறது, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். நீங்கள் கூட்டத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவர் போகலாம். உங்களை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தரமாட்டார்கள். பாட்டிலை ஒளித்துவைப்பதும், அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வதும், ராத்திரி வாசலில் காத்திருப்பதும் இல்லாமல் அவர் எப்படி வாழ்வது என்பதுதான் அங்கே பேச்சு. என் மனைவி எனக்கு 8 மாதம் முன்னால் அங்கே போகத் தொடங்கினார். ஒரு நாள் காலை நான் எழ முடியாமல் கிடந்தபோது, அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்துகொள்ளுங்கள் என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அந்த வருடம் எனக்கு நடந்தவற்றில் அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

ஆக திங்கள்கிழமைக்கு: அதற்கு முன் மருத்துவர். காலையில் உதவி எண்ணுக்கு ஒரு போன், கூட்டம் உண்டா என்று உறுதிசெய்ய. மாலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பசி குடிக்கும் ஆசை போலவே வேஷம் போடும். 10 நிமிடம் முன்னதாகப் போய் நடுவில் உட்காருங்கள், கதவோரம் வேண்டாம். கிளம்பும்போது ஒரு தாளில் சில பேரின் எண்களை எழுதிக் கொடுப்பார்கள். எல்லோரும் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்கிறார்கள், யாரும் கூப்பிடுவதில்லை. ஆசை தலைக்கேறிய பிறகு தெரியாத ஒருவரை முதன்முதலாகக் கூப்பிடுவது ரொம்பக் கஷ்டம், அதனால் செவ்வாய்க்கிழமை பகலில், ஒரு பிரச்சினையும் இல்லாதபோது, அதில் ஒரு எண்ணைக் கூப்பிட்டுவிடுங்கள். ‘நேற்று வந்திருந்தேன், எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்’ என்றால் போதும். எடுக்கிறவருக்குப் புரியும், அவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஏதாவது சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்.